மரூன்ஸ் அணிக்கு ஒரே ஒரு பயிற்சியாளர்: யாரைத் தேர்ந்தெடுப்பது?

கனடாவின் மான்ட்ரியல் மரூன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1924 முதல் 1938 வரை மொத்தம் 14 சீசன்கள் ஆடியது. அந்த 14 சீசன்களிலும் அந்தச் சட்டையைப் போட்டவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரு கனவு அணி அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சண்டை வராது. நெல்ஸ் ஸ்டூவர்ட், ஹூலி ஸ்மித், பேப் சீபர்ட், லயனல் கொனாகர், கிளின்ட் பெனடிக்ட் என்று பெயர்கள் தானாக வந்து விழும். அந்த அணியின் பெஞ்சுக்குப் பின்னால் பயிற்சியாளராக யாரை நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ஆறு பேர் இருக்கிறார்கள். இடம் ஒன்றுதான்.

அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு ஆறு பேருக்கு வருகிறேன். மான்ட்ரியலில் ஆங்கிலம் பேசும் மக்களின் அணியாக இருந்தது வாண்டரர்ஸ். 1918 ஜனவரியில் அவர்களுடைய அரங்கம் எரிந்தது. அதோடு அணியும் முடிந்தது. கனேடியன்ஸ் அணி பிரெஞ்சு மக்களின் செல்லப்பிள்ளை. ஆங்கிலேயர் பகுதிக்கு ஓர் அணி வேண்டும் என்று 1924-ல் மரூன்ஸைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு பாஸ்டன் புரூயின்ஸும் தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்தது. மரூன்ஸுக்காகவே புகழ்பெற்ற ஃபோரம் அரங்கத்தைக் கட்டினார்கள். மான்ட்ரியலில் இருக்கும் நம்மவர்கள் ஆட்வாட்டர் மெட்ரோ நிலையத்தில் இறங்கும்போது பார்த்திருப்பார்கள். இன்று கடைகளும் திரையரங்கமுமாக இருக்கிற அந்தக் கட்டடம்தான் அது. வேடிக்கை என்னவென்றால், மரூன்ஸுக்கென்று கட்டிய அந்த அரங்கத்தில் முதல் ஆட்டத்தை ஆடியது கனேடியன்ஸ் அணி.

14 சீசன்களில் இரண்டு ஸ்டான்லி கோப்பைகள், 1926-லும் 1935-லும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசு அது. இன்று உயிரோடு இல்லாத ஓர் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது 1935-தான் கடைசி. இரண்டு கோப்பைகளையும் வென்றவர்கள் இரண்டு வெவ்வேறு பயிற்சியாளர்கள், எடி ஜெரார்டும் டாமி கோர்மனும். இந்த ஒப்பீடு கடைசியில் இந்த இருவருக்கிடையில்தான் வந்து நிற்கும். ஆனாலும் மற்ற நால்வரையும் பார்க்காமல் தாண்டிப் போவது நியாயமில்லை.

ஆறு பேரையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். ஜெரார்ட், டங்க் மன்ரோ, ஜார்ஜ் பூஷே, ஸ்ப்ரேக் கிளெக்ஹார்ன், கோர்மன், கிங் கிளான்சி. இதில் மன்ரோ ஒருவரைத் தவிர மற்ற ஐந்து பேரும் பழைய ஒட்டாவா செனட்டர்ஸ் வீட்டுப் பிள்ளைகள். 1923-ல் ஒட்டாவா கோப்பை வென்றபோது ஜெரார்ட் அணித் தலைவர். பூஷேயும் இளம் கிளான்சியும் அதே அணியில் ஆடினார்கள். கோர்மன் அந்த அணியை நடத்திய உரிமையாளர்களில் ஒருவர். கிளெக்ஹார்ன் அதற்கு முன்பே, 1920-ல், ஒட்டாவாவோடு கோப்பை வென்றவர். பெனடிக்ட்கூட அங்கிருந்து வந்தவர்தான். ஆக, மான்ட்ரியல் அணிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஒட்டாவா. எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதால், யாருக்கு ஆட்டம் அதிகம் தெரியும் என்ற கேள்விக்கு இங்கே பெரிய வேலை இல்லை. தெரிந்ததை வைத்து யார் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்த இருவர்.

டங்க் மன்ரோ ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1924 ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். 1926 கோப்பையின்போது மரூன்ஸின் தலைவர். 1929-ல் ஜெரார்ட் விலகியதும் பொறுப்பு இவரிடம் வந்தது. மன்ரோவின் முதல் சீசனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 23 வெற்றி, 16 தோல்வி, 5 டிரா என்று முடித்து, கனடியப் பிரிவில் முதலிடம். கனேடியன்ஸோடு புள்ளிகள் சமம்தான், ஆனால் வெற்றிகள் அதிகம். ஸ்டூவர்ட், சீபர்ட், ஸ்மித் மூவரையும் ஒன்றாக இறக்கிய 'எஸ்' வரிசை (மூவர் பெயரும் ஆங்கிலத்தில் எஸ்-ல் தொடங்கும்) எதிரணிகளை நடுங்க வைத்தது இந்தக் காலத்தில்தான். பிறகு அரையிறுதியில் பாஸ்டனிடம் தோற்றார்கள். அந்தச் சீசனில் பாஸ்டன் 44 ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே தோற்ற அணி. அவர்களிடம் தோற்றதை மன்ரோவின் குறையாக நான் எழுத மாட்டேன்.

பெனடிக்ட் முகமூடி அணிந்து ஆடியதும் இதே சீசனில். கனேடியன்ஸின் ஹோவி மோரன்ஸ் அடித்த பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) அவர் மூக்கை உடைத்தது. 1930 பிப்ரவரியில் முகமூடியோடு திரும்பி வந்தார். லீக்கின் வரலாற்றில் முகமூடி அணிந்து ஆடிய முதல் கோல்கீப்பர் அவர்தான்.

அடுத்த சீசனின் நடுவில் பொறுப்பு மன்ரோவிடமிருந்து பூஷேயின் கைக்கு மாறியது. பூஷே அருமையான தடுப்பாட்டக்காரர், ஆனால் மரூன்ஸ் பயிற்சியாளராக அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. அந்த வசந்தத்தில் நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் 8-1 என்று தோற்றார்கள். எதிரணியின் நட்சத்திரம் அவருடைய சொந்தத் தம்பி ஃபிராங்க் பூஷே. நம் கனவு அணிக்கு இந்த இருவரில் ஒருவரை எடுப்பதென்றால் மன்ரோவை எடுக்கலாம். ஆனால் பனியில் ஓடிக்கொண்டே வரிசைகளை மாற்றும் வேலை ஒரு முழுத் தொடருக்குத் தாங்காது. நம் அணியில் தடுப்பாட்டத்துக்கு ஆள் பஞ்சமும் இல்லை, மன்ரோவைக் கட்டாயம் களத்தில் இறக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஸ்ப்ரேக் கிளெக்ஹார்ன் 1931-32 சீசன் முழுக்க இருந்தார். அந்தக் காலத்தின் மிக முரட்டு ஆட்டக்காரர்களில் ஒருவர். 1923-ல் கனேடியன்ஸுக்காக ஆடும்போது ஒட்டாவாவின் லயனல் ஹிச்மனைத் தாக்கிய விதத்தைப் பார்த்து, லீக் முடிவெடுக்கும் முன்பே அவருடைய சொந்த மேலாளர் லியோ டாண்ட்யூரான் அவரை வெளியே உட்கார வைத்தார். பயிற்சியாளராக 19 வெற்றி, 22 தோல்வி. ஆனாலும் தகுதிச் சுற்றில் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில்) டெட்ராய்ட்டை வென்று, டொராண்டோவிடம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். அந்த ஆண்டு டொராண்டோதான் கோப்பையை வென்றது. மோசமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சீசனை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் கடினம்.

கிங் கிளான்சியை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. 1923 இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர் உட்பட எல்லா இடத்திலும் நின்று ஆடிய மனிதர். டொராண்டோவில் எல்லோருக்கும் பிடித்தவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் 1937 இலையுதிர்காலத்தில் மரூன்ஸ் பெஞ்சுக்கு வந்தார். 18 ஆட்டங்கள், 6 வெற்றி, 11 தோல்வி, 1 டிரா. அதோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அணியில் அப்போது பணமும் இல்லை, தெம்பும் இல்லை. ஓய்வு பெற்றுப் புதிதாக வந்த ஒருவர் தலையில் கட்டிய சுமை அது. 1950-களில் டொராண்டோவுக்குப் பயிற்சியாளராகி மூன்று சீசன்கள் நின்றார் என்பதால் அவருக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மரூன்ஸ் பயிற்சியாளராக மட்டும் அவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

சரி, இனி இருவர்.

எடி ஜெரார்டின் கையில் முதல் நாள் இருந்தது ஒரு புதிய அரங்கமும் ஒட்டாவாவிலிருந்து வாங்கிய இரண்டு மூத்த ஆட்டக்காரர்களும்தான்: பெனடிக்ட், பஞ்ச் பிராட்பென்ட். முதல் சீசன் 9 வெற்றி, 19 தோல்வி, 2 டிரா. ஆறு அணிகளில் ஐந்தாம் இடம். மேலாளராக இருந்த சிசில் ஹார்ட் விலகியதும் அந்த வேலையும் ஜெரார்ட் தோளில் விழுந்தது. அடுத்த சீசனுக்குள் ஸ்டூவர்ட்டும் சீபர்ட்டும் வந்துவிட்டார்கள். ஸ்டூவர்ட் தன் முதல் சீசனிலேயே 36 ஆட்டங்களில் 34 கோல் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கே. 1926 தகுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க், அப்புறம் லீக்கில் முதலிடம் பிடித்த ஒட்டாவா, கடைசியில் மேற்கிலிருந்து வந்த விக்டோரியா கூகர்ஸ். இறுதித் தொடரின் நான்கு ஆட்டங்களில் மூன்றில் பெனடிக்ட் ஒரு கோல்கூட விடவில்லை. மரூன்ஸ் அடித்த 10 கோல்களில் 6 ஸ்டூவர்ட்டுடையவை. தேசிய லீக்கைச் சேராத ஓர் அணி ஸ்டான்லி கோப்பைக்காக மோதியது அதுவே கடைசி முறை.

ஐந்தாம் இடத்திலிருந்து கோப்பைக்கு ஒரே ஆண்டு. ஜெரார்ட் பக்கம் பேசுகிறவர்கள் இதோடு வாதத்தை முடித்துக்கொள்ளலாம். நான் முடிக்காததற்குக் காரணம் 1928.

அந்த ஆண்டு இறுதித் தொடரில் மரூன்ஸும் ரேஞ்சர்ஸும் மோதின. நியூயார்க் அரங்கத்தைச் சர்க்கஸ் பிடித்துக்கொண்டதால் எல்லா ஆட்டங்களும் ஃபோரத்திலேயே நடந்தன. முதல் ஆட்டம் மரூன்ஸுக்கு, 2-0. ஏப்ரல் 7 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில், ஸ்டூவர்ட் அடித்த பக் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் சாபோவின் கண்ணில் பட்டது. அவர் மருத்துவமனைக்குப் போனார். அந்தக் காலத்தில் அணிகள் இரண்டாவது கோல்கீப்பரை வைத்துக்கொள்வதில்லை. அரங்கத்தில் ஒட்டாவாவின் கோல்கீப்பர் அலெக் கானெல் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். அவரை இறக்க அனுமதியுங்கள் என்று ரேஞ்சர்ஸ் கேட்டது. எதிரணி சம்மதித்தால்தான் முடியும். ஜெரார்ட் மறுத்தார். சிறிய லீக் ஒன்றில் ஆடும் இன்னொரு கோல்கீப்பரைக் கேட்டபோதும் மறுத்தார். கடைசியில் ரேஞ்சர்ஸ் பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக், 44 வயதில், தானே காப்புகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றார். கூடுதல் நேரத்தில் ஃபிராங்க் பூஷே அடித்த கோலில் ரேஞ்சர்ஸ் 2-1 என்று வென்றது. தொடரையும் 3-2 என்று எடுத்துக்கொண்டது.

விதிப்படி ஜெரார்டுக்கு அந்த உரிமை இருந்தது. கோப்பைக்கான ஆட்டத்தில் எதிரணிக்குத் தேர்ந்த கோல்கீப்பரைக் கொடுக்க எந்தப் பயிற்சியாளரும் விரும்ப மாட்டார். ஆனால் 1922-ஐ மறக்க முடியவில்லை. அந்த ஆண்டு டொராண்டோவும் வான்கூவரும் கோப்பைக்கு மோதியபோது டொராண்டோவின் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் காயம். வான்கூவர் தரப்பு சம்மதித்ததால், ஒட்டாவாவைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரர் ஒரே ஓர் ஆட்டத்துக்கு டொராண்டோ சட்டையில் இறங்கினார். டொராண்டோ 6-0 என்று வென்றது. அப்படி இறங்கியவர் எடி ஜெரார்ட். அந்த ஓர் ஆட்டத்தால் டொராண்டோவின் கோப்பையிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. எதிரணியின் பெருந்தன்மை என்ன தரும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. வான்கூவர் கொடுத்த விலையையும் அவர் பார்த்திருக்கிறார். ஒருவேளை அதனால்தான் மறுத்தாரோ என்னவோ.

மறுத்ததை நான் ஒழுக்கக் குற்றமாகப் பார்க்கவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குக் கவலை. கோலில் வயதான மனிதர் ஒருவர் நிற்கிறார், முன்னால் ஸ்டூவர்ட் போன்ற அடிக்காரர்கள். அப்படியும் மரூன்ஸ் அவரைத் தாண்டி ஒரு கோல்தான் அடித்தது. அந்த இரவில் தன் ஆட்டக்காரர்களை எதிரிக் கோலை நோக்கித் தள்ள ஜெரார்டால் முடியவில்லை. அடுத்த சீசன் பிரிவில் கடைசி இடம். அவர் விலகினார். நியூயார்க் அமெரிக்கன்ஸுக்குப் போய்விட்டு 1932-ல் திரும்பி வந்தார். பொருளாதார மந்தத்தில் ஸ்டூவர்ட்டையும் சீபர்ட்டையும் விற்றிருந்த நேரம். அந்த அணியை வைத்தும் இரண்டு முறை தகுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். மொத்தம் ஏழு சீசன்களில் 129 வெற்றி, 122 தோல்வி, 43 டிரா. எண்களைப் பார்த்தால் சுமாராகத் தெரியும். எத்தனை முறை அணியைத் தரையிலிருந்து எழுப்பினார் என்பது அந்த எண்களில் இல்லை.

1934 அரையிறுதியில் அவருடைய மரூன்ஸைச் சிகாகோ பிளாக் ஹாக்ஸ் மொத்தக் கோலில் 6-2 என்று வென்றது. சிகாகோ பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர் டாமி கோர்மன்.

கோர்மன் தொழில்முறை ஹாக்கி ஆடியதே இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் ஆட்டத்தில் தங்கம் வென்ற கனடிய அணியில் இருந்தவர். ஒட்டாவாவில் விளையாட்டுச் செய்தியாளர். 1917 நவம்பரில் மான்ட்ரியல் வின்ட்சர் ஹோட்டலில் தேசிய ஹாக்கி லீக் பிறந்தபோது ஒட்டாவா சார்பில் அந்த அறையில் இருந்தவர். நியூயார்க் அமெரிக்கன்ஸை நடத்தினார். மெக்சிகோவின் டிஹுவானாவில் குதிரைப் பந்தய மைதானத்தை நடத்தினார். இப்படிப்பட்ட ஒருவர் பயிற்சியாளராவதை ஆட்டக்காரர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் 1934 கோப்பை. சிகாகோவுக்கு அது முதல் ஸ்டான்லி கோப்பை.

உடனே மரூன்ஸுக்கு வந்தார். வந்ததும் அவர் அணி அமைத்த விதத்தைப் பாருங்கள். சிகாகோவில் தன்னோடு வென்ற லயனல் கொனாகரும் மான்ட்ரியலுக்கு வந்தார். கோலில் நிறுத்தியது யாரை? அலெக் கானெலை. 1928-ல் ஜெரார்ட் வேண்டாம் என்ற அதே கானெல். ஒட்டாவா தீயணைப்புத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். முந்தைய சீசனில் ஏறக்குறைய களமிறங்கவே இல்லை, முடிந்துபோனவர் என்று பலரும் நினைத்த நேரம். கோர்மனுக்கு அவரை ஒட்டாவா நாட்களிலிருந்தே தெரியும்.

1935 தகுதிச் சுற்றில் மரூன்ஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஏழு ஆட்டங்கள், ஐந்து வெற்றி, இரண்டு டிரா. சிகாகோவை மொத்தக் கோலில் 1-0, ரேஞ்சர்ஸை 5-4, லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற டொராண்டோவை இறுதியில் நேராக மூன்று ஆட்டங்களில். கானெல் விட்டது மொத்தம் எட்டு கோல். டொராண்டோவில் அப்போது சார்லி கொனாகர், ஜோ பிரிமோ, புஷர் ஜாக்சன் என்ற பயங்கர முன்வரிசை. மூன்று ஆட்டங்களில் அந்த அணியை நான்கு கோல்களோடு நிறுத்தினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு வெவ்வேறு அணிகளோடு கோப்பை வென்ற ஒரே பயிற்சியாளர் இன்றுவரை கோர்மன்தான்.

அவருக்கும் கறைகள் உண்டு. 1936-ல் பிரிவில் முதலிடம் பிடித்துவிட்டு டெட்ராய்ட்டிடம் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறினார்கள். அந்தத் தொடரின் முதல் ஆட்டம், மார்ச் 24 அன்று ஃபோரத்தில் தொடங்கியது, லீக் வரலாற்றில் மிக நீண்டது. ஆறாவது கூடுதல் நேரத்தில், நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி நெருங்கும்போது, மட் புரூனிட்டோ என்ற இளைஞர் ஒரே கோலை அடித்தார். மரூன்ஸ் கோலில் அன்று நின்றது லோர்ன் சாபோ. 1928-ல் கண்ணில் அடிபட்டுப் போனவரேதான். அவரைக் கொண்டுவர கோர்மன் கொடுத்தவர்களில் ஒருவர் இளம் டோ பிளேக். பிற்காலத்தில் கனேடியன்ஸின் பெரும் ஆட்டக்காரராகவும், அதைவிடப் பெரிய பயிற்சியாளராகவும் ஆனவர். இந்தப் பரிமாற்றத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. கிளான்சி போன பிறகு கோர்மன் மறுபடி பெஞ்சுக்கு வந்த 1937-38-ல் 6 வெற்றி, 19 தோல்வி, 5 டிரா. 1938 மார்ச் 17 அன்று கனேடியன்ஸிடம் 6-3 என்று தோற்றதோடு மரூன்ஸின் கதை முடிந்தது. ஆனால் இந்தக் கடைசிப் பக்கத்தை நான் அவர் கணக்கில் எழுதவில்லை. 1935 முதல் இரண்டு மான்ட்ரியல் அணிகளும் ஒரே முதலாளிகள் கையில் இருந்தன. மந்தக் காலத்தில் அந்த நகரத்தால் இரண்டு அணிகளைத் தாங்க முடியவில்லை. எது சாகும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

இப்போது முடிவுக்கு வரலாம். இந்தத் தேர்வில் பலர் தடுமாறுவது, எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதைப் பார்க்காததால். 1924-ல் காலியான உடைமாற்றும் அறையைக் கொடுத்து, இதிலிருந்து ஓர் அணியை உண்டாக்கு என்றால் எனக்கு ஜெரார்டைத் தவிர வேறு பெயர் வராது. கோர்மன் எப்போதும் ஏற்கெனவே நிற்கும் அணியை வாங்கி முறுக்கேற்றியவர். ஆனால் நாம் அமைப்பது கனவு அணி. 14 சீசன்களின் ஆட்டக்காரர்களும் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெரார்டின் பெரிய திறமைக்கு அங்கே வேலையே இல்லை. மீதி இருப்பது ஒரு தொடரை வெல்லும் வேலை. எதிரணியை அளந்து, சரியான கோல்கீப்பரை நம்பி, ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தைக் கடைசி வரை காப்பாற்றுவது. அதில் 1934, 1935 இரண்டு வசந்தங்களும் கோர்மனுக்குச் சாட்சி. இருவரும் நேருக்கு நேர் மோதிய முக்கியமான தொடரிலும் வென்றது அவர்தான்.

என் ஓட்டு கோர்மனுக்கு. ஒரு நிபந்தனையோடு: ஆட்டக்காரர்களைப் பரிமாறும் அதிகாரம் அவரிடம் இருக்கக்கூடாது. டோ பிளேக் இந்த அணியில்தான் இருக்க வேண்டும். கோல்கீப்பர் விஷயத்தில் அவர் கானெலைத்தான் கேட்பார், நான் பெனடிக்ட்டைச் சொல்வேன். அங்கே அவர் முடிவுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஏழு ஆட்டங்களில் எட்டு கோல் மட்டுமே விட்டவரை வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.